மோகனப்பிரியாவின் வரிசை

ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் முடிந்ததும் கனடாவின் கால்கரியிலிருந்து மகன் தரணிதரன் கூப்பிடுவான். டேப்லெட்டில் அவன் முகம் தெரிந்த மாத்திரத்தில் சாந்தாமணியின் கண் நிறைந்துவிடும். "சாமி" என்பாள். கை வலிக்க வலிக்க டேப்லெட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவள் மகள் மோகனப்பிரியா. அந்த முகத்தை அம்மாவுக்கு அடையாளம் காட்டுகிற கணினி நிரலை எழுதியவளும் அவளேதான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சாந்தாமணிக்கு வந்த மறதி ஒரு தினுசானது. அடுப்பை மறக்க மாட்டாள், உப்பை மறக்க மாட்டாள். ஆளைத்தான் மறந்தாள். ஒரு நாள் காப்பி கொண்டுவந்த மகளைப் பார்த்து, "நீங்க எந்த ஊருங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள். மோகனப்பிரியா வேலை பார்த்த சரவணம்பட்டி கம்பெனியில் அப்போதுதான் அந்தக் கருவியைச் சோதனைக்கு எடுத்திருந்தார்கள். கேமரா வைத்த மூக்குக்கண்ணாடி, காதுக்குப் பின்னால் துவரம்பருப்பு அளவில் ஒரு சில்லு, அதிலிருந்து மூளைக்குள் போகும் மெல்லிய கம்பிகள். முதல் ஆட்களில் ஒருத்தியாக அம்மாவைச் சேர்த்துவிட்டாள். மறுபடி எல்லோரும் அவரவர் முகத்தோடு அம்மாவிடம் திரும்பி வந்தார்கள்.

"எப்படிடி என்னைப் பார்த்ததும் டக்குனு கண்டுபிடிக்கறாங்க?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தரணி கேட்டான். அங்கே அவன் ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது.

"உன்னை மட்டுமில்ல, எல்லாரையும்தான்," என்றாள் மோகனப்பிரியா. "பெரிய கட்டம் போட்ட பலகைன்னு வச்சுக்க. ஆளுக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலயும் முகம், குரல், பேரு, உறவு, பாசம்னு தனித்தனிக் கட்டம். டூ டைமென்ஷனல் அரே. காலேஜ்ல படிச்சிருப்பே."

"நான் சிவில்டி."

"பாசம்ங்கற கட்டத்துக்குள்ள பாசம் இருக்காது. அம்மா மூளையில அது எந்த இடத்துல இருக்கோ, அந்த இடத்தோட விலாசம்தான் இருக்கும். அதைத்தான் பாயிண்டர்னு சொல்லுவோம். உன் மூஞ்சி தெரிஞ்சா மெஷின் உன் வரிசைக்குப் போகும், விலாசத்தைப் பார்க்கும், அந்த இடத்தைப் போய்த் தட்டி எழுப்பும்."

"போஸ்ட்மேனாட்ட."

"அதேதான். கவருக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு அவனுக்குத் தெரியாது. வாசலைக் கண்டுபிடிச்சாப் போதும்."

"அவகூட என்ன பேச்சு சாமி," என்று சாந்தாமணி இடையில் புகுந்தாள். "நீ சாப்ட்டியா? எளைச்சுப் போயிட்டியே."

தரணி இளைக்கவில்லை. தாடைக்குக் கீழே இன்னொரு தாடை முளைத்திருந்தது.

அழைப்பு முடிந்து திரை கறுத்தது. சாந்தாமணியின் முகமும் பழைய நிலைக்கு வந்தது. மகள் பக்கம் திரும்பி, "ஏ புள்ள, தண்ணி காஞ்சுதா? நின்னுக்கிட்டே இருந்தா ஆச்சா? நேத்து மாதிரி பச்சத்தண்ணிய ஊத்தாதே" என்றாள்.

மூட்டுவலியும் கை நடுக்கமும் சேர்ந்துவிட்டதால் அம்மாவைக் குளிப்பாட்டுவது, தலை சீவுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் மோகனப்பிரியாதான். பெங்களூரில் கிடைத்த நல்ல வேலையை வேண்டாம் என்றாள். துபாய் மாப்பிள்ளை வீட்டாரிடம் கோயம்புத்தூரை விட்டு வர மாட்டேன் என்றாள். சின்ன வயதில் கோழிக்குழம்பு வைத்தால் ஈரல் அண்ணன் தட்டுக்குத்தான் போகும். அதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். தினமும் முதுகு தேய்த்துவிடுகிற கைக்கு 'ஏ புள்ள', வாரம் ஒரு தரம் திரையில் வந்து பல்லைக் காட்டுகிற மூஞ்சிக்கு 'சாமி' என்பதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

கம்பெனியில் கருவி பொருத்திய ஒவ்வொருவருடைய பலகையையும் வாரம் ஒரு தடவை சோதிப்பது ஷாநவாஸ். எந்த முகத்துக்கு மூளையில் எவ்வளவு அசைவு என்று கோடு கோடாக வரும். சொந்தக்காரர்களின் பலகையைச் சொந்தக்காரர்கள் திறக்கக் கூடாது என்று விதி. ஒரு வெள்ளிக்கிழமை ஷாநவாஸ் ஜும்மா தொழுகைக்குப் போன நேரத்தில் அவன் திரையில் அம்மாவின் பலகை திறந்தபடி கிடந்தது. மோகனப்பிரியா உட்கார்ந்து பார்த்தாள்.

பாசக் கட்டங்கள் வரும் பத்தியில், தரணியின் வரிசைக்கு நேரே கோடு மலையாக எழும்பி நின்றது. அவள் வரிசையில் தட்டை. கோணல்மாணல்கூட இல்லாத, அடித்துப் போட்டது போன்ற தட்டை. கீரை விற்க வருகிற அம்மாளின் வரிசையில்கூட ஒரு சின்ன மேடு இருந்தது.

கீரைக்காரியைப் பார்த்தும் பொறாமைப்படுகிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அழவில்லை. கோபம் அதை முந்திக்கொண்டது.

மறுநாள் சனிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலகத்தில் யாரும் இல்லை. பாசத்தை ஓரிடத்திலிருந்து அள்ளி இன்னோரிடத்தில் வைக்கிற வித்தை யாருக்கும் தெரியாது. விலாசத்தை மாற்றுவது சுலபம். தன் வரிசையின் பாசக் கட்டத்தில் அண்ணன் வரிசையில் இருந்த விலாசத்தை எழுதினாள். ஒரே ஒரு வரி நிரல். அண்ணனிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை, இனி இரண்டு பேரும் ஒரே வாசலில் போய் நிற்கிறோம், அவ்வளவுதானே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது சாந்தாமணி சோபாவில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். கையிலிருந்த கத்தி மடியில் விழுந்தது. கண் நிறைந்துவிட்டது.

"சாமி," என்றாள். "வந்துட்டியா? எப்ப வந்தே? வா, வா. கிட்ட வா."

மோகனப்பிரியா கிட்டப் போனாள். அம்மா அவள் கன்னத்தை இரண்டு கையாலும் தடவினாள். வெங்காயம் மணக்கும் விரல்கள். "எளைச்சுப் போயிட்டியே கண்ணு," என்றாள். நாற்பதை நெருங்குகிற மகள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். அத்தனை சந்தோஷம் அவளுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் மகாராணி. முறுகல் தோசை அவளுக்கு. கைவலியையும் பாராமல் சந்தவை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றித் தந்தாள் அம்மா. சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அலுவலகத்தில் சும்மா இருக்கும்போதுகூட மோகனப்பிரியா சிரித்தாள். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை தரணி கூப்பிட்டபோது டேப்லெட்டை அவளே உற்சாகமாக எடுத்துக் கொடுத்தாள்.

"சாமி, உன்ற தங்கச்சி வந்திருக்கறா," என்றாள் சாந்தாமணி திரையைப் பார்த்து.

"எங்கிருந்தும்மா?"

"லீவுல வந்திருக்கறா. ரெண்டு நாள்ல கெளம்பீருவா போல. என்னன்னு கேட்டா வாயைத் தொறந்து சொல்ல மாட்டேங்கறா." அவள் குரல் உடைந்தது.

தரணி தங்கையைப் பார்த்தான். தங்கை சுவரைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் மோகனப்பிரியா கவனிக்கத் தொடங்கினாள். வீட்டில் அவளுக்கென்று இருந்த பழைய எவர்சில்வர் தம்ளர் காணாமல் போய், ஒறம்பரையாக வரும் விருந்தாளிகளுக்கு எடுக்கிற பீங்கான் கோப்பை வந்திருந்தது. அம்மா வீட்டில் நைட்டி போடுவதை நிறுத்திவிட்டு நல்ல சேலையாக உடுத்தினாள். காலையில் வெந்நீர் வைக்கப் போனால், "அட, நீ எதுக்கு? நாலு நாள் இருந்துட்டுப் போக வந்த புள்ள, என்ற அழுக்கைத் தேய்க்கறதா? நான் ஊத்திக்கறேன் போ" என்று விரட்டினாள். மாலையில் கதவைத் திறந்ததும் கன்னத்தைத் தடவல், கண்ணீர். அடுத்த கேள்வி தவறாமல் வந்தது.

"எப்பக் கெளம்பறே சாமி?"

"நான் எங்கயும் போகலம்மா. இங்கதான் இருக்கேன். நான் மோகனா."

"மோகனான்னு தெரியாதாக்கும் எனக்கு? பெத்தவ நானு." சாந்தாமணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவீங்க. காலைல பார்த்தாப் பொட்டி வாசல்ல இருக்கும்."

சாப்பாட்டு மேசையில் ஒரு டப்பா வந்து உட்கார்ந்தது. உள்ளே பருப்புப்பொடி, வழியில் சிந்தாதபடி பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டியிருந்தது. கால்கரிக்குப் போகும் பெட்டியில் வருடா வருடம் ஏறுகிற அதே பொடி. மோகனப்பிரியா அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்பட்டாள். இத்தனை வருடம் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்தது தனக்கு இல்லை. தன் முகத்தைப் போட்டுக்கொண்டு எவளோ ஒருத்தி வந்து உட்கார்ந்து அம்மாவின் கொஞ்சலை வாங்கிக்கொண்டு போகிறாள். கண்ணாடியில் தலை வாரும்போது அந்த ஒருத்தியைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு காலை குளியலறையில் சத்தம் கேட்டது. வெந்நீர் வாளியைத் தானே தூக்கப் போய்ச் சாந்தாமணி வழுக்கி விழுந்திருந்தாள். சுவரோரம் கால் ஒரு மாதிரி மடங்கிக் கிடந்தாள். மகளைப் பார்த்ததும் சிரித்தாள்.

"ஒண்ணுமில்ல சாமி. சும்மா உக்காந்தேன். நீ போய்ச் சாப்புடு."

ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு முறிவு என்றார்கள். வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டதற்கு, மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, இல்லை என்றாள். டாக்டர் கெட்டிக்காரர். மோகனப்பிரியாவை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்டார். கதவுக்கு வெளியே நின்றவளுக்கு அம்மா கத்திய கத்தல் கேட்டது. உயிர் போகிற வலியைக்கூடத் தன்னிடம் சொல்லக் கூடாத விருந்தாளியாகிவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக உறைத்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ரோசம்மாவை வேலைக்கு வைத்தார்கள். வால்பாறைக்காரி, நோயாளிகளைப் பார்த்துப் பழகியவள், ஆள் திடகாத்திரம். புது முகத்தை அம்மா எப்படி எடுத்துக்கொள்வாளோ என்று மோகனப்பிரியா பயந்துகொண்டே கதவோரம் நின்றாள். சாந்தாமணி கண்ணாடியை ஏற்றிவிட்டு ரோசம்மாவை ஒரு தரம் பார்த்தாள்.

"ஏ புள்ள, என்ன மரமாட்ட நிக்கறே? முதுகுக்குத் தலையாணி வையி. அப்படியில்ல. எத்தனை தடவை சொல்றது உனக்கு?"

"இப்பத்தானேம்மா வந்திருக்கேன்," என்று ரோசம்மா சிரித்தாள்.

"வாய் மட்டும் பேசு. இடுப்பு புடுங்குது, மெதுவாத் தூக்கு."

ரோசம்மா தூக்கினாள். அவள் தோளில் சாந்தாமணி முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்தாள். தலை சீவிக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். மோகனப்பிரியா இருக்கும் அறையில் அம்மா தூங்கி எத்தனையோ நாளாகியிருந்தது. ஊருக்குப் போகிற பிள்ளையைப் பார்க்காமல் எப்படித் தூங்குவது என்று விழித்தே இருப்பாள். வந்த முதல் நாளே ஒருத்தி இத்தனையும் வாங்கிக்கொண்டாள். மோகனப்பிரியாவுக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. கேவலம், திட்டுக்காகத்தான். அந்தத் திட்டு தன்னுடையது என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது.

மறுநாள் ஷாநவாஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் கோபப்படவில்லை. பலகையைத் திறந்தான்.

"இதைப் பார்த்துதான் செஞ்சியா?" என்று தரணியின் மலையைக் காட்டினான்.

"அவனுக்கு எவ்வளவு உயரம் பாரு."

"உயரம்தான். பாசம்னு யாரு சொன்னா?"

"பத்தியோட பேரே பாசம்தானே."

"அந்தப் பேரை வச்சது யாரு?"

வைத்தது அவள்தான். கெடு நெருங்கிய ஒரு மாலை, ஐந்தாவது பத்திக்கு என்ன பேர் என்று யாரோ கேட்க, வாயில் வந்ததைத் தட்டினாள். பேர் வைத்துவிட்டால் உள்ளே இருப்பதும் அதுதான் என்று நம்புகிற வியாதி நிரல் எழுதுகிறவர்களுக்கு உண்டு.

"உங்க அண்ணன் இடத்துல இருக்கறது ஏக்கம் மோகனா. தூரத்துல இருக்கறவனை நினைச்சு நினைச்சு அந்த இடம் வீங்கிக் கிடக்கு. அதை எடுத்து நீ வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டே. பக்கத்துல உக்காந்திருக்கும்போதே அம்மா உன்னை ஏங்கறாங்க."

"அப்ப என்னோடது? தட்டையா இருந்துச்சே."

"என் சம்சாரத்தைப் பார்த்ததும் எனக்கும் தட்டைக் கோடுதான் வரும். ஒரு நாள் அவ இல்லேன்னா எனக்கு என் சட்டை எங்க இருக்குன்னு தெரியாது." அவன் மூக்கைச் சொறிந்தான். "சரி, மாத்திடலாம். உன் பழைய விலாசம் என்ன?"

"குறிச்சு வைக்கல."

"மேல எழுதினாப் பழசு அழிஞ்சிடும்னு முதல் வருஷப் பையனுக்குக்கூடத் தெரியுமே."

"தெரியும். அன்னிக்கு எனக்கு அது வேண்டியதா இல்ல."

எந்தக் கட்டமும் சுட்டாத இடத்தைக் காலி என்று எடுத்துக்கொண்டு, வீட்டில் அடுத்துப் பதிவாகும் புது முகத்துக்கு ஒதுக்குவது அந்த நிரலின் வழக்கம். அதையும் எழுதியவள் மோகனப்பிரியாதான். ஷாநவாஸ் சொல்வதற்கு முன்பே அவள் ரோசம்மாவின் வரிசைக்குப் போய்விட்டாள். பாசம் என்ற பத்தியில் கோடு தட்டையாகக் கிடந்தது. அதே தட்டை.

"பழைய குடித்தனக்காரங்க சாமானை எடுக்காமப் போன வீட்டுல புது ஆளைக் குடிவச்சாச்சு," என்றான் ஷாநவாஸ்.

"அவளை வெளிய அனுப்பு. எனக்கு வேணும் அது."

"அனுப்பினா ரோசம்மா உங்கம்மாவுக்கு யாரோ. இடுப்புல கம்பி வச்சிருக்கற மனுஷி, யாரோ ஒருத்தி தொட்டுத் தூக்க விடுவாங்களா? வேணும்னா உன் கட்டத்துலயும் அதே விலாசத்தை எழுது. ரெண்டு பேரும் ஒரே இடத்தைச் சுட்டுங்க."

"அவளும் நானும் ஒண்ணா?"

"அண்ணன்கூடப் பங்கு போட்டுக்கிட்டே, இதுல என்ன?"

"அது அண்ணன். இவ நேத்து வந்தவ."

ஷாநவாஸ் டீ குடிக்கப் போய்விட்டான். மோகனப்பிரியா அந்தத் தட்டைக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்பு மலையைப் பார்த்து எரிந்த வயிறு இப்போது இந்தச் சமவெளியைப் பார்த்து எரிந்தது. எலும்பு கூடுகிற வரைக்கும் காத்திருக்கலாம், ரோசம்மா போன பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தாள். அன்று மாலையும் கன்னத்தைத் தடவி 'எப்பக் கெளம்பறே' என்று அம்மா கேட்கப்போவது நினைவுக்கு வந்தது. ரோசம்மாவின் விலாசத்தைத் தன் கட்டத்தில் எழுதினாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதினாள்.

வீட்டுக்கு வந்தபோது ரோசம்மா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சாந்தாமணி கட்டிலில் சாய்ந்திருந்தாள். நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். கண் நிறையவில்லை.

"ஏ புள்ள, எங்க போய்த் தொலைஞ்சே இத்தனை நாளா? அவ ஊத்தற தண்ணி ஒண்ணு கொதிக்குது, இல்லாட்டிப் பச்சத்தண்ணி. இடுப்பு விண்ணு விண்ணுங்குது. அந்தத் தைலத்தை எடு."

மோகனப்பிரியா கைப்பையைக்கூடக் கழற்றாமல் தைலத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இங்கயாம்மா?"

"அங்க இல்ல, கீழ. உனக்கு எப்பச் சொன்னாலும் புரியறதில்ல. ஐயோ, மெதுவா. வலிக்குது."

வலிக்குது என்று அம்மா தன்னிடம் சொன்னாள். மோகனப்பிரியா குனிந்து தேய்த்தாள். மூக்கை உறிஞ்சியது அம்மாவுக்குக் கேட்காமல் பார்த்துக்கொண்டாள். இத்தனை காலம் இதைத் தட்டை என்று நினைத்திருந்த தன் புத்தியை நினைத்துச் சிரிப்பும் வந்தது.

"ஏ புள்ள," என்றாள் சாந்தாமணி கொஞ்ச நேரம் கழித்து. குரல் மாறியிருந்தது. "வீட்டுக்கு ஒரு புள்ள வந்திருந்தா. ஒறம்பரை. லீவுல வந்தவ. காலைல வரைக்கும் இங்கதான் இருந்தா. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "யாரும்மா?"

"உன்ற பேருதான் அவளுக்கும்." சாந்தாமணி கண்ணாடியைக் கழற்றித் தலைப்பால் துடைத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. "என்ற தரணியாட்டவே. எத்தனை பாசமான புள்ள. உன்னையாட்டச் சிடுசிடுன்னு இருக்க மாட்டா. கையைப் புடிச்சுக்கிட்டுக் கூடவே உக்காந்திருப்பா. இனி எப்ப வருவாளோ."

மோகனப்பிரியாவின் அடிவயிற்றில் பழைய தீ குப்பென்று பற்றியது. எழுந்தாள். சாப்பாட்டு மேசையில் பிளாஸ்டிக் உறை போட்ட அந்த டப்பா இன்னும் இருந்தது. அதைத் தூக்கிக் கண் காணாத இடத்தில் வைத்துவிட வேண்டும் என்று கையை நீட்டினாள்.

"அதைத் தொட்டறாதே புள்ள," என்றாள் சாந்தாமணி கட்டிலில் இருந்தபடியே. "அது அவளுக்கு. வந்தாக் குடுக்கோணும்."

மோகனப்பிரியா கையை எடுத்துக்கொண்டாள். திரும்பி வந்து கட்டிலோரம் உட்கார்ந்து தைலப் புட்டியைத் திறந்தாள்.

"இன்னுங்கொஞ்சம் கீழயாம்மா?" என்று கேட்டாள்.